மெஷினுக்கு ஆகாத கை

மருதாள் பென் டிரைவைச் செருகினாள். எம்பிராய்டரி மெஷினின் திரையில் எதுவும் வரவில்லை. உருவி, முந்தானையால் துடைத்து, மறுபடி செருகினாள். அப்போதும் வரவில்லை. வாசலைக் கடந்து வீட்டுக்குள் ஓடி, முன்னறைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தாள். திறந்தது. ஜாக்கெட்டின் நெஞ்சில் போட வேண்டிய மான் தலை, கொம்பும் காதுமாக முழுசாக இருந்தது. திரும்பச் சாளைக் கொட்டகைக்கு வந்து மெஷினில் செருகினாள். இல்லை.

ஒரே பென் டிரைவ். அங்கே இருக்கிற மான் இங்கே எப்படி இல்லாமல் போகும்?

அவள் புருஷன் கிட்டுசாமி சேவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். போனில் பின்னால் பந்திச் சத்தம் கேட்டது.

"ஏனுங்க, மெஷினு பென் டிரைவ எடுக்க மாட்டீங்குது."

"மறுக்காப் போட்டுப் பாரு."

"போட்டுட்டனுங்க. கம்ப்யூட்டர்ல எடுக்குது, இதுல எடுக்க மாட்டீங்குது. முன்ன ஆச்சே, அதே மாதிரிங்க."

"ஆரு போட்டது?"

"நாந்தானுங்க."

அவன் பக்கம் யாரோ பாயசத்துக்குக் கூப்பிடுவது மட்டும் கேட்டது.

"அந்தப் புள்ளதான் இப்ப இங்க இல்லீங்களே," என்றாள் மருதாள்.

"வர்றேன்," என்று வைத்துவிட்டான்.

அந்தப் பிள்ளை நதியா. திண்டுக்கல் பக்கமிருந்து வந்த அயர்ன் மாஸ்டர் அந்தோணிராஜின் மகள். பல்லடம் ரோட்டில் கிட்டுசாமி மாட்டுச் சாளையைச் செங்கல் வைத்து அடைத்து, எம்பிராய்டரி மெஷினை இறக்கியதிலிருந்து அவள்தான் ஆப்பரேட்டர். நூல் அறுந்தால் சத்தத்திலேயே எந்த ஊசி என்று சொல்லுவாள். தீபாவளி முடிந்து ஃப்ளீஸ் துணி வேலை வந்தது. குளிர்நாட்டு ஜாக்கெட்டுக்கான, பாலியெஸ்டரில் பஞ்சு மாதிரி பின்னிய துணி. மழை விட்டுக் காற்று காய்ந்த பிறகு ஒரு நாள் நதியா பென் டிரைவைச் செருகினாள், அதைச் செருகும் சாக்கெட் செத்தது. மெஷின் கம்பெனிக்காரர்கள் உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டை மாற்றித் தந்தார்கள். மறுபடி அவள் செருகினாள், மறுபடி செத்தது. வேறு எவர் கையிலும் அது நடக்கவில்லை. கிட்டுசாமி தினமும் செருகினான், ஒன்றும் ஆகவில்லை.

அப்போது மருதாள் ஒரு வார்த்தை சொன்னாள். கிட்டுசாமி ஒரு வார்த்தை சொன்னான். நதியா போய்விட்டாள்.

திருப்பூரில் ஆள் சேர்க்கிறவர்கள் பழைய இடத்துக்கு ஒரு போன் போடாமல் சேர்ப்பதில்லை. ஈஸ்வரமூர்த்தி, பக்கத்து வீதியில் இதே மெஷினை வைத்திருப்பவர், நதியா வேலை கேட்டுப் போனபோது கிட்டுசாமிக்குப் போட்டார். "புள்ள நல்ல புள்ளதானுங்க மச்சான். ஆனா மெஷினுக்கு ஆகாத கை," என்றான் கிட்டுசாமி. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சொல் அவளுக்கு முன்னால் எல்லா யூனிட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. நதியா இப்போது ஒரு பனியன் கம்பெனியில் கைமடி. டெய்லர் தைத்துத் தள்ளும் பீஸை எடுத்து மடித்துக் கொடுக்கும் வேலை. புதிதாகச் சேருகிற சிறுபிள்ளைகள் செய்வது.

*

லிங்கசாமி பல்லடத்தில் கோழிப்பண்ணைகளின் கன்ட்ரோல் பெட்டிகளை ரிப்பேர் செய்கிறவர். கம்பெனிக்காரர்கள் வர வாரமாகும் என்றதால் கிட்டுசாமி அவரை அழைத்து வந்தான். தை மாதக் கடைசி, வெயில் ஏறிய பிறகும் காற்றில் ஈரம் இல்லை. லிங்கசாமி உதட்டை நக்கிக்கொண்டே போர்டைக் கழற்றி, கண்ணில் லென்ஸை மாட்டி, சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாக்கெட்டு நல்லாத்தான் இருக்குது. அதுக்குப் பின்னால இருக்கற ஐ.சி.தான் போயிருச்சு. பென் டிரைவ்ல இருக்கறத வாங்கி உள்ள குடுக்கற ஆளு அதுதான். வாசல்காரனே செத்துட்டா ஊட்டுக்குள்ள ஆரு போவா?"

"வோல்டேஜ் ஏறி இறங்குனதுலீங்களா?"

"அப்படிப் போனா பவர் சப்ளை மொதல்ல போகுமுங்க. இது வெளிய இருந்து சாக்கெட்டு வழியா வந்துருக்குது. ஆரு கையில போச்சு?"

"என்ற கையிலதானுங்க," என்றாள் மருதாள்.

"அதுக்கு முன்ன?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "வேலைக்கு ஒரு புள்ள இருந்துச்சுங்க," என்றான் கிட்டுசாமி.

"அம்மணி, அன்னிக்கு என்னென்ன பண்ணுனீங்களோ அதே மாதிரி ஒருக்காப் பண்ணுங்க. பென் டிரைவுக்குப் பதிலா இதப் புடிச்சுக்குங்க." லிங்கசாமி சட்டைப் பையிலிருந்து லைன் டெஸ்டரை எடுத்துக் கொடுத்தார். கரண்ட் இருக்கிறதா என்று ப்ளக் ஓட்டையில் விட்டுப் பார்க்கிற, உள்ளே சின்ன நியான் பல்ப் வைத்த ஸ்க்ரூடிரைவர். "பின்னால இருக்கற பித்தளைய விரல்ல தொட்டுக்கிட்டே இருக்கோணும். நுனிய மெஷின்ல வைங்க."

மருதாள் சாளை வாசலில் இருந்த ரப்பர் செருப்பை மாட்டினாள். பிளாஸ்டிக் மேட்டின் மேல் நின்று ஃப்ளீஸ் பீஸ்களை உதறி அடுக்கினாள். துணிக்கட்டை மார்போடு அணைத்துத் தூக்கி இறக்கினாள். பல்ப் மின்னினால் தெரியட்டும் என்று லிங்கசாமி சன்னல் கதவைச் சாத்தினார். டெஸ்டரின் நுனி மெஷின் இரும்பை நெருங்கியதும் பல்ப் ஒரு முறை சிவப்பாக மின்னி அணைந்தது.

"அய்யோ!" டெஸ்டரைக் கீழே போட்டாள்.

"கரண்டு இல்லீங்க, வெசனப்படாதீங்க. அது உங்க மேல இருந்தது." லிங்கசாமிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஃப்ளீஸ் துணியும் உங்க நைலான் சீலையும் ஒண்ணோட ஒண்ணு உரசுதுங்களா? உரச உரச உடம்பு மேல கரண்டு சேரும். கொடத்துல தண்ணி சேர்ற மாதிரி. மழைக்காலத்துல காத்து ஈரமே அத வடிச்சுரும். இந்தக் காத்துல வடியாது. வெறுங்காலோட சிமெண்டுத் தரையில நின்னா கால் வழியா வடிஞ்சுரும். ரப்பர் செருப்பு போட்டா அந்த ஓட்டையையும் அடைச்ச மாதிரி. கொடம் ரொம்பிக்கிட்டே இருக்கும். அப்பறம் நீங்க போய் எத மொதல்ல தொடறீங்களோ அது வழியா ஒட்டுக்கா எறங்கும். நீங்க தொட்டது பென் டிரைவ் நுனியால சாக்கெட்ட."

"எனக்கு ஒண்ணும் சுருக்குங்கலியே?"

"அதுதானுங்க இதுல மோசம். கைக்குத் தெரியோணும்னா மூவாயிரம் வோல்ட்டாவது வேணும். ஐ.சி.க்கு அதுல பத்துல ஒரு பங்கே போதும், செத்துரும். உங்களுக்குத் தெரியாமயே கொன்னுருப்பீங்க."

கிட்டுசாமிக்கு இது பிடிக்கவில்லை. "அப்ப நான் போடறப்ப ஏனுங்க ஆகுலீங்க? நானும் இதே துணிகூடத்தான் பொளங்கறேன்."

"நீங்க எப்படிப் போடுவீங்க? போட்டுக் காட்டுங்க."

கிட்டுசாமி பென் டிரைவோடு வெறுங்காலில் வந்தான். மெஷின் எதிரே நின்றான். செருகுவது போல் செய்துகாட்டினான்.

"இப்ப என்ன பண்ணுனீங்க?"

"பென் டிரைவ் போட்டனுங்க."

"அதுக்கு முன்னாடி?"

"ஒண்ணும் பண்ணுலீங்களே."

"தொட்டுக் கும்புட்டீங்க," என்றாள் மருதாள்.

அவன் தன் கையைப் பார்த்தான். மெஷின் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, எதைச் செய்யும் முன்பும் அதன் முன்பக்கத்து உருக்குத் தண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவனுக்குப் பழக்கம். பெயிண்ட் அடிக்காத தண்டு. குங்குமம் அப்பியிருக்கும். செய்கிறோம் என்ற நினைவே இல்லாமல் கை அதைச் செய்தது.

"அவ்வளவுதானுங்க!" லிங்கசாமி தொடையில் தட்டிக்கொண்டார். "கொடத்துத் தண்ணிய அந்த இரும்புல ஊத்திட்டுத்தான் சாக்கெட்டுக்குப் போறீங்க. அத்தன பெரிய இரும்புக்கு அது ஒண்ணுமே இல்ல. மெஷினும் நீங்களும் ஒரே மட்டத்துக்கு வந்தர்றீங்க. அப்பறம் பாயறதுக்கு ஏதுங்க?"

"நானும் கும்புடுவனுங்க. அன்னிக்கு அவசரத்துல மறந்துட்டேன்," என்றாள் மருதாள். பிறகு குரல் இறங்கியது. "அவளக் கும்புடச் சொன்னேன். 'நாங்க கும்புட மாட்டோம்க்கா'ன்னா. கும்புடாமப் போட்டா இப்படித்தான் ஆகும், சாமிக்கே ஆகல பாருன்னு சொன்னனுங்க. ரெண்டாவது போர்டு போன அன்னிக்கு."

"தொடறது வேணுமுங்க அம்மணி. கும்புடறது உங்க இஷ்டம். மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது." சொல்லிவிட்டு லிங்கசாமி தரையைக் காட்டினார். "ஆமா, சாமி மாதிரி வெச்சிருக்கற மெஷின்கிட்ட இந்தச் செருப்பும் மேட்டும் எப்படி வந்துச்சு?"

மருதாள் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

கிட்டுசாமிதான் சொன்னான். ஐப்பசி மழையில் நதியா, மெஷினைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது என்றாள். அவன் தொட்டுப் பார்த்தான், லேசாக இருந்தது. மருதாள்தான் வாரச்சந்தைக்குப் போய் அவள் காலுக்கு ரப்பர் செருப்பும், விரிக்க மேட்டும் வாங்கி வந்தாள். "பொட்டப்புள்ள, கரண்டு அடிச்சா என்ன பண்றதுன்னு," என்றான். நதியா அன்றிலிருந்து செருப்பைக் கழற்றியதே இல்லை. ஜிவ்வென்பதும் நின்றது.

லிங்கசாமி மெஷினின் ப்ளக்கைக் கழற்றித் திறந்தார். மூன்று பின்னில் பெரிய பின்னுக்கு வயர் இல்லை. மாட்டுச் சாளைக்கு ஒற்றைப் பல்புக்காக இழுத்த ரெண்டு வயர்தான் அப்படியே இருந்தது.

"தரைக்குப் போற எர்த்து வயரே குடுக்கலீங்களே. இந்த மாதிரி மெஷினுக்குள்ள இருந்து துளித்துளியாக் கசியற கரண்டு எர்த்துல போய் எறங்கோணும். வழியில்லாம அந்தப் புள்ள ஒடம்பு வழியா எறங்கியிருக்குது. அவ சொன்னது நெசம். அன்னிக்கே ஒரு வயர் இழுத்திருந்தா முடிஞ்சது."

"செருப்பு வாங்கிக் குடுத்தேன்," என்றாள் மருதாள்.

*

மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு. நெய் ஊற்றியும் கிட்டுசாமிக்கு இறங்கவில்லை. தட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான்.

"திங்கறதுன்னாத் தின்னுங்க, இல்லீன்னா எந்திரிங்க," என்றாள் மருதாள்.

"நீ தின்னியாக்கும்?"

"என்னைய உடுங்க. ஈஸ்வரமூர்த்தி அண்ணங்கிட்ட என்ன சொன்னீங்க?"

"உனக்குத் தெரியாதா?"

"உங்க வாயில கேக்கோணும்."

அவன் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்தான்.

"செருப்பு குடுத்தது நானு. கும்புடலன்னு பேசுனது நானு. என்ற பேச்சு சாளைக்குள்ளயே நின்னுச்சு. உங்க பேச்சு ஊரெல்லாம் போயிருச்சு."

"இப்ப என்ன பண்ணச் சொல்ற? ஆள் உட்டுக் கூப்புட்டுக்கலாம். வந்தா சேத்துக்குவோம்."

"ஆள் உட்டா?" மருதாள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நாமதான் போகோணும். ஞாயித்துக்கெழம, அவிங்க கோயிலுக்குப் போயிட்டு வந்தப்பறம்."

*

நதியா வீட்டார் குடியிருந்த காம்பவுண்டில் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் நீல டிரம், டிரம்மின் மேல் துவைத்த துணி. அந்தோணிராஜ் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். வாரம் முழுக்க நீராவி அயர்ன் பிடித்துப் பழகிய கை, பூண்டையும் அழுத்தித் தேய்த்தது.

"வாங்க மொதலாளி. வாங்கம்மா. என்ன, இந்த மாசமும் போர்டு போயிருச்சோ? எம்மக இங்கிட்டுதான இருந்தா, கைமடிச்சுக்கிட்டு."

கிட்டுசாமியின் முகம் கறுத்தது. "ஆமாங்க. போயிருச்சுங்க. அதச் சொல்லத்தான் வந்தோம்."

எகத்தாளத்துக்குச் சொன்னது உண்மையாகிவிட்டதில் அந்தோணிராஜ் பூண்டை வைத்துவிட்டார். நதியா கதவோரம் வந்து நின்றாள். உட்காரச் சொல்லவில்லை. மருதாள் நின்றபடியே சொன்னாள். ஃப்ளீஸ், காய்ந்த காற்று, செருப்பு, இல்லாத எர்த்து. லிங்கசாமி சொன்ன குடத்தையும் தண்ணீரையும் சொன்னாள். அவள் சொன்னதில் முன்பின் மாறியது, ஆனால் எதையும் விடவில்லை. கும்பிடு பற்றித் தான் பேசியதையும் சொன்னாள்.

"நீங்க வாங்கிக் குடுத்த செருப்பாலயாக்கா?"

"ஆமா கண்ணு."

நதியா தன் பாதத்தைப் பார்த்தாள்.

"எனக்கே என் கை மேல சந்தேகம் வந்துருச்சுக்கா. கும்புடாததாலதானோன்னு கோயில்ல நின்னு நெனச்சிருக்கேன். இப்பக் கூட டெய்லர் அக்கா மெஷின ஆஃப் பண்ணச் சொன்னா நான் பக்கத்துப் புள்ளயத் தொடச் சொல்லுவேன். தொட்டா இதுவும் போயிருமோன்னு."

மருதாள் அவள் கையைப் பிடிக்கப் போனாள். நதியா தாவணியைச் சரிசெய்வது போல் கையை இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்கே வந்துரு அம்மணி," என்றான் கிட்டுசாமி. "உன்ற மெஷினு அது."

"எங்கிட்ட சொன்னீங்க, சரிண்ணே. ஆகாத கைன்னு எங்கிட்டயா மொதல்ல சொன்னீங்க? என்னையப் பத்தி போன்ல யாருகிட்ட சொன்னீங்களோ அவருக்குப் போன் போடுங்க. நான் கேக்கணும்."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம, அவரு தோட்டத்துக்குப் போயிருப்பாரு..."

"தோட்டத்துலயும் போன் எடுக்கும்," என்றார் அந்தோணிராஜ்.

கிட்டுசாமி மருதாளைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்தாள். அவன் செல்லை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டான்.

"சொல்லுங்க மாப்ள," என்றது ஈஸ்வரமூர்த்தியின் குரல். மோட்டார் ஓடும் சத்தம் கூடவே வந்தது.

"மச்சான், அந்த நதியாப் புள்ளயப் பத்தி நான் ஒண்ணு சொல்லியிருந்தனுங்க."

"ஆமா, ஆகாத கைன்னு. அதுக்கென்ன இப்ப?"

பக்கத்து வீட்டு வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"அது தப்புங்க. அந்தக் கை மேல ஒரு குத்தமும் இல்ல. நாந்தான் மெஷினுக்கு எர்த்து குடுக்கல. இழுக்குதுன்னு அந்தப் புள்ள சொன்னப்ப வயர் இழுக்காம, செருப்பப் போட்டு நிக்க வெச்சோம். போர்டு போனது அதனாலதானுங்க. எங்க ஊட்டுக்காரி கையிலயும் போயிருச்சு. நீங்க ஆராருகிட்ட அதச் சொன்னீங்களோ, அவிங்ககிட்ட இதையும் சொல்லிப் போடுங்க மச்சான்."

மறுமுனையில் மோட்டார் நின்றது.

"ஏனுங்க மாப்ள, எங்க மெஷின்லயும் போன மாசம் சாக்கெட்டு போச்சுங்களே. முனீஸுன்னு ஒரு பையன். வேணும்னே பண்றான்னு அடிக்காத கொறையாத் தொரத்தி உட்டுட்டனே."

பிறகு ஈஸ்வரமூர்த்தியே கேட்டார், "அந்தப் புள்ள இப்ப எங்க இருக்குதுங்க? எனக்கு ஆப்பரேட்டர் வேணும்."

*

போர்டு சரியாகி வந்த அன்று, எப்படிச் சரிசெய்தார்கள் என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்று நதியா அப்பாவோடு வந்தாள். செருப்பை வாசலிலேயே விட்டாள். லிங்கசாமி சாக்கெட்டின் பின்புறத்தைக் காட்டினார். அதன் தகரக் கூட்டுக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவில் இருந்த பெயிண்டைச் சுரண்டி, இரண்டும் சேர ஸ்க்ரூ முடுக்கியிருந்தார். சாக்கெட்டின் கால்களை ஒட்டி, அரிசி நொய் அளவில் ஒரு டயோடு.

"அது என்னண்ணே பண்ணும்?" என்றாள் நதியா.

"காவக்காரன். பென் டிரைவோட அஞ்சு வோல்ட்டுக்குக் கண்டுக்காது, சும்மா இருக்கும். அதுக்கு மேல குதிச்சு வந்தா கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள புடிச்சு மெஷின் உடம்புக்குத் தள்ளி உட்டுரும். அங்க இருந்து எர்த்துக்கு. காவக்காரன் கேட்டுலயே நிக்கோணும், ஊட்டுக்குள்ள நின்னாப் பிரயோசனமில்ல. அதுதான் சாக்கெட்ட ஒட்டி வெச்சேன்."

"இத ஈஸ்வரமூர்த்தி அண்ணன் மெஷின்லயும் வைக்க முடியுமா?"

"வெச்சுத் தர்றனே."

நதியா ஃப்ளீஸ் பீஸ்களை ஒரு கட்டு உதறி அடுக்கினாள், வேண்டுமென்றே அதிகமாக. சாக்கெட்டுக்குப் பக்கத்தில் புதிதாக அறைந்திருந்த செப்புத் தகட்டை விரலால் தொட்டாள். பென் டிரைவைச் செருகினாள். திரையில் மான் தலை வந்தது. மெஷின் ஓடத் தொடங்கியது. அவள் ஊசிகளின் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டாள்.

"ஆறாவது ஊசியில நூலு லூசா இருக்குக்கா," என்றாள்.

"இங்கயே வந்துரு கண்ணு," என்றாள் மருதாள். "எனக்காவ வேண்டாம். இந்த மெஷினு உனக்குப் பழகுனது."

"ஈஸ்வரமூர்த்தி அண்ணன்கிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன்க்கா. முனீஸயும் கூப்புடணும்னு சொல்லித்தான் ஒத்துக்கிட்டேன்."

போகும்போது டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அந்தோணிராஜ் குடித்தார். நதியா வேண்டாம் என்றாள். கிட்டுசாமி கேட் வரைக்கும் போய்த் திரும்பினான். மருதாள் ஆறாவது ஊசியின் நூலை இறுக்கி மறுபடி கோத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் நின்றதால் ஊசிக் காது தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சாளையில் சாக்கெட் போகவில்லை. செய்தது இவ்வளவுதான்: மெஷினுக்கு எர்த்து வயர் இழுத்தார்கள். மேட்டையும் ரப்பர் செருப்பையும் எடுத்துவிட்டார்கள். சாக்கெட்டின் கூட்டை மெஷின் உடம்போடு சேர்த்து, அதை ஒட்டி ஒரு டயோடு வைத்தார்கள். பென் டிரைவைச் செருகும் முன் பக்கத்திலுள்ள செப்புத் தகட்டைத் தொட வேண்டும். தொட்டுவிட்டுச் செருகினால், எவர் கையாக இருந்தாலும் மெஷின் திறக்கும்.